வாங்காத கடனுக்கு லட்டு கொடுத்தேன்

“லயத்துப் புள்ளைய நம்பி எவன்டி கடன் குடுப்பான்?”

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இப்படிக் கேட்டது தண்ணீர்க் குழாயடியில், குடம் நிரம்பிக்கொண்டிருந்த நேரத்தில். பி.காம். கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு நான் ஊருக்கு வந்திருந்த வாரம் அது. வேலைக்குப் போவேன், பேங்க்கில் கடன் வாங்குவேன், அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு வீடு வாங்கிக் கொடுப்பேன் என்று நான் பீற்றிக்கொண்டதற்குத்தான் அந்தப் பதில். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் குழாயடியிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

எங்கள் வீடு இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக வீடுகள். அதைத்தான் லயம் என்போம். பெரியம்மா எங்களுக்குச் சொந்தம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர், அவ்வளவுதான். ஆனால் அவர் வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அம்மா கொழுந்து எடுப்பவள். அப்பா நான் சின்ன வயதில் இருந்தபோதே தவறிவிட்டார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனதும் நான்தான், கல்லூரியை முடித்ததும் நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமையை நான் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை.

பரீட்சை முடிவு வந்த கொஞ்ச நாளில் பக்கத்திலேயே ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. சம்பளத்துக்காகக் கணக்குத் திறந்த வங்கி, நான் கேட்காமலே ஒரு கிரெடிட் கார்டை அனுமதித்து, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டது. எங்கள் தபால் எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடத்தில் வைத்துத்தான் கொடுப்பார்கள். அதனால் என் கார்டு வந்த சங்கதி எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அந்தக் கவரைச் சோற்றுத் தூக்கோடு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நாள் முழுக்க மழைக்குள் கொழுந்துக் காட்டில் வைத்திருந்து, சாயங்காலம் நனையாமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் நேராக அதை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

“பாருங்க பெரியம்மா, கேக்காமலே குடுத்திருக்கான்.”

பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரேஷன் கார்டு மாதிரில்ல இருக்கு. இதுக்கு அரிசி போடுவாகளா?” என்றார். பெரியம்மாவின் மகன் ஜீப் ஓட்டுபவர். டூரிஸ்ட்டுகளை மலைக்கு மேலே கூட்டிப்போவார். அவர் வாசலில் இருந்து, “யம்மா, அது கடன் அட்டை. சூதானமா புடி, ஒட்டிக்கிரும்” என்று சொன்னதும் பெரியம்மா சட்டென்று என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மாதத் தவணையை எங்கள் பக்கம் டியூ என்போம். அவர் வீட்டில் ஜீப் டியூ, ஃபிரிட்ஜ் டியூ, கையில் இருக்கிற போன் டியூ. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டுகூட டியூவில் எடுத்தது என்று பேச்சு. அவருக்கு ‘டியூ அண்ணன்’ என்று பெயர் வைத்தவள் நான். பிளஸ் டூ படித்தபோது விளையாட்டாகச் சொன்னது, லயம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அடுத்த ஜீப் வாங்கியபோது முன் கண்ணாடிக்கு மேலே பெரிய எழுத்தில் ‘டியூ’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். டூரிஸ்ட்டுகள் அதைப் பனித்துளியைச் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

வீட்டுக் கடன் ஒன்றைத் தவிர, நான் அந்த வழி போகவே கூடாது என்றிருந்தேன். அதற்குக் காரணம் அம்மா. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் மாதம் முழுக்கக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று கொடுப்பார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்தும் மீதி நிற்கும். அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை, போனஸ் வந்த கையோடு, பற்றை முழுக்கத் தீர்த்துவிடுவாள். கடைக்காரர் அவள் கணக்கின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ஒரு தேங்காயும் ஒரு அச்சு வெல்லமும் இனாமாகக் கொடுப்பார். அன்று எங்கள் வீட்டில் கொழுக்கட்டை. லயத்தில் எல்லா வீட்டுக்கும் போகும். ‘பத்துத் தீந்த கொழுக்கட்டை’ என்றுதான் அதற்குப் பெயர். தீபாவளிப் பலகாரத்தைவிட அந்தக் கொழுக்கட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் அம்மா தலை நிமிர்ந்து நடப்பாள். கடன் இல்லாமல் இருப்பதுதான் மானம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் தின்றே வளர்ந்தேன்.

அதனால் கார்டை ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. சர்ட்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கும் பைலில், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். வருஷங்கள் ஓடின. அதற்குக் கட்டணமும் இல்லை. இருப்பதே மறந்துபோயிருந்தது.

மறுபடி நினைவுக்கு வந்தது ஒரு போன் அழைப்பால். என்னோடு ரிசப்ஷனில் வேலை பார்த்த ஒரு பெண் கார்டில் நகையும் துணியுமாக வாங்கிவிட்டுக் கட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாள். அவள் போனை எடுக்காததால் வசூல் செய்கிறவர்கள் ரிசார்ட் நம்பருக்கே கூப்பிட ஆரம்பித்தார்கள். “குட் மார்னிங், வெல்கம்” என்று நான் எடுத்தால், எதிர்முனையில் ஒரு குரல் அவள் பெயரைச் சொல்லி, அவளைப் பற்றிச் சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லும். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, “இல்லைன்னு சொல்லிருங்க அக்கா” என்பாள். கொஞ்ச நாளில் வேலையை விட்டே போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பைலைத் திறந்தேன். கார்டு அதே வழுவழுப்போடு இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. மறுநாள் வங்கியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள்: “மேடம், இதுக்கு வருஷக் கட்டணம் எதுவும் இல்லை. நீங்க யூஸ் பண்ணலைன்னாலும் அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு நல்லதுதான்.” எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை. விற்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். மூடுவதற்கு என்ன காரணம் என்று கேட்டாள். “எங்க வீட்ல யாரும் கடன் வச்சுக்க மாட்டோம்” என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

கணக்கை மூடியாயிற்று என்று செய்தி வந்த அன்று டவுனில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு போனேன். அம்மாவின் தையல் கத்தரியால் கார்டை நாலு துண்டாக வெட்டி அவள் கையில் கொடுத்து, “பத்துத் தீந்துச்சும்மா” என்றேன். லயம் முழுக்க லட்டுக் கொடுத்தேன்.

அம்மா அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஒண்ணுமே வாங்கலையேட்டி நீ. பெறவு எதைத் தீத்த?”

எல்லோரும் சிரித்தோம். டியூ அண்ணன் இரண்டாவது லட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “எனக்கு ஒவ்வொரு டியூ முடியும்போதும் லட்டுக் குடுத்தா லயத்துல பாதிப் பேருக்குச் சுகர் வந்திரும்” என்றார். அந்தச் சாயங்காலம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் வலிக்கிறது.

அடுத்த வருஷம் அம்மா ரிட்டயர் ஆகும் நேரம் வந்தது.

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லயத்து வீடு வேலையோடு வருவது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் கிராஜுவிட்டி பணம் கைக்கு வரும். அதாவது, வீடு வாங்கப் பணம் வேண்டும். பணம் வர வீட்டை விட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத் தாண்ட எல்லோருக்கும் ஒரு பலகை தேவைப்படும். சிலர் பிள்ளையைக் கொழுந்து எடுக்க அனுப்பி வீட்டைக் காப்பாற்றிக்கொள்வார்கள். அம்மா அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. “நீ கூடை தூக்கவா நான் கூடை தூக்குனேன்?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். என் பலகை பேங்க் கடன்தான்.

இடமும் கிடைத்தது. தோட்டத்துக்கு எதிர்ச் சரிவில் நாலு சென்ட், அதில் ஓடு போட்ட இரண்டு அறை வீடு. எங்கள் மலையில் இடம் நிறைய இருக்கும், ஆனால் பட்டயம், அதாவது பட்டா, இருக்காது. பட்டயம் இல்லாத நிலத்துக்கு வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த இடத்துக்குப் பட்டயம் இருந்தது. வாசலில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எங்கள் லயத்தின் கூரை தெரியும். அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை நடந்தே வந்துவிடலாம். இடத்துக்காரர் நல்ல மனிதர், மலையாளி. மகளை வெளிநாட்டுக்கு நர்ஸிங் வேலைக்கு அனுப்பப் பணம் வேண்டும் என்றுதான் விற்றார். “ஓணம் வரை காத்திருக்கேன், அதுக்கு மேல எனக்கும் முடியாது” என்று சொல்லிச் சின்ன முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

முன்பணம் கொடுத்த அன்று அம்மா மடியில் ஏதோ மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். முளைவிட்ட ஒரு சௌசௌ. எங்கள் லயத்துப் பின்பக்கம் பந்தலில் காய்த்தது. இடத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, வேலியோரம் ஒரு குழி தோண்டி அதை நட்டாள். “நாம வாரதுக்குள்ள இது ஏறிரும்” என்றாள்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர் ஒரு மலையாளி அம்மா. அன்பாகத்தான் பேசினார். என் சம்பளச் சீட்டு, பட்டயத்தின் நகல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

“சம்பளம் ஓகே மோளே, பட்டயமும் ஓகே. பக்ஷே, ஹிஸ்டரி ஒண்ணும் இல்லல்லோ” என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் யாருக்கும் ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைத்ததில்லை என்றேன். அதுதான் பிரச்சினை என்றார். கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாள் என்று காட்ட என் பெயரில் ஒன்றுமே இல்லையாம். ஒரு கார்டு இருந்திருக்கிறது. அதையும் உபயோகிக்காமல், போன வருஷம் மூடியிருக்கிறேன். “அது எதுக்கு மூடியது? மாசம் ஒரு போன் ரீசார்ஜாவது அதில செய்து, அடச்சிருந்தா போதுமாயிருந்தல்லோ” என்று கேட்டார். வீட்டுக் கடன் எனக்கு இதுதான் முதல். தொகையும் என் சம்பளத்துக்குக் கொஞ்சம் பெரியது. அதனால் ஒரு ஜாமீன் வேண்டும், நல்லபடியாகக் கடன் அடைத்த வரலாறு உள்ள ஆளாக இருந்தால் உடனே செய்துவிடலாம் என்றார். வேறு வங்கியில் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்கு நடந்தது இதுதான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, போனில் பேசிய அந்தப் பெண்ணின் குரல் ஞாபகம் வந்தது. உங்களுக்கு நல்லதுதான் என்றாள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பி.காம். படித்தவள் நான். வரவு செலவு, பற்று வரவு எல்லாம் பாடமாகப் படித்துப் பாஸ் ஆனவள். கடையில் அம்மா வருஷம் முழுக்க வாங்கி வருஷக் கடைசியில் தீர்த்ததால்தான் கடைக்காரர் அவளுக்குத் தேங்காய் கொடுத்தார். ஒன்றுமே வாங்காதவளுக்கு அவர் எதற்குக் கொடுக்கப் போகிறார்? அம்மா அன்றே கேட்டாளே, எதைத் தீர்த்தாய் என்று.

ஜாமீன் என்றதும் அம்மா யோசிக்கவே இல்லை. “பக்கத்து வீட்டுத் தம்பிட்ட கேளு. எத்தனை டியூ கட்டியிருக்கான்! ஒரு மாசம் தவறிருக்கானா?”

எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்துச் சிரித்தேனோ அவரிடமே போய், எனக்காகக் கையெழுத்துப் போடுங்கள் என்று நிற்பதா? அதுவும் பெரியம்மா முன்னால்? எவன் கடன் குடுப்பான் என்று கேட்டவர் அவர். “நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

வேறு ஆள் பார்த்தேன். ரிசார்ட் மேனேஜரிடம் கேட்டேன். கம்பெனி விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். போடியில் இருக்கிற சித்தப்பா மகனிடம் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றவன் பிறகு போனை எடுக்கவில்லை. இதற்குள் ஆடி மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றது. மழை விட்டதும் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது பெரியம்மா வீட்டு வாசலில் அந்த ஜீப் நிற்கும். கண்ணாடிக்கு மேலே ‘டியூ’. பார்க்காதது மாதிரி எங்கள் வீட்டுக்குள் போய்விடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பிள்ளைகளோடு சிரிக்கிற சத்தம் கேட்கும். ஒரே ஒரு சுவர்.

அம்மா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

கடைசியில் ஓணத்துக்கு முந்தின வாரம்தான் போனேன். வாசலில் நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் “அண்ணே” என்றேன். விஷயத்தை முழுதாகக்கூடச் சொல்லி முடிக்கவில்லை.

“யம்மா, காப்பி போடு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “பேரு வச்சவளே ஜாமீன் கேட்டு வந்திருக்கா!”

நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவர் அதைக் கவனிக்காதவர் போல, “இதுக்குப் போயி இம்புட்டு நாளா சுத்துன? எனக்கு அத்தை அன்னைக்கே சொல்லிட்டாக. நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன். நானா வந்து கேட்டா உனக்குக் கோவம் வரும்லா” என்றார். அத்தை என்றது என் அம்மாவை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார்.

மறுநாளே ஜீப்பில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வங்கிக்கு வந்தார். அந்த மலையாளி அம்மா கம்ப்யூட்டரில் அவர் விவரத்தைப் பார்த்துவிட்டு, “இது நல்ல ஆளாணு” என்று சிரித்தார். ஆனால் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்க்க வேண்டும், மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஓண விடுமுறை. இடத்துக்காரர் சொன்ன நாளுக்கு மேலும் ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு வீட்டுக்கே வந்து முன்பணத்தைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் ரொக்கமாகத் தந்துவிட்டாராம். மகளின் விமான டிக்கெட் போட்டாயிற்று என்று சொன்னபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரு பதினஞ்சு நாள் முன்னாடி பேப்பர் வந்திருந்தா” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பதினைந்து நாள். நான் ஜீப்பைப் பார்க்காதது மாதிரி வீட்டுக்குள் போன நாட்கள் அதைவிட அதிகம்.

லயத்தை விட வேண்டிய நாளுக்குள் பட்டயம் உள்ள வேறு இடம் எங்கள் விலைக்கு அகப்படவில்லை. லயத்து வீட்டைக் காலி செய்த அன்று எல்லோரும் வந்தார்கள். பெரியம்மா பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவர், அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். “நான்தான்டி அன்னைக்குக் குழாயடியில சொன்னேன். என் கருநாக்கு பலிச்சுப்போச்சே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்த வார்த்தையை அவரும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். அது உங்கள் நாக்கு இல்லை பெரியம்மா, என் வீம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அம்மாதான் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“ஒன் நாக்குக்கு அம்புட்டுச் சக்தி இருந்தா லாட்டரி நம்பரு ஒண்ணு சொல்லுக்கா. ரெண்டு பேருமா பங்களா கட்டுவோம்.”

அழுதுகொண்டே சிரித்தார் பெரியம்மா. சாமான் ஏற்றின ஜீப்பை அண்ணன்தான் ஓட்டினார். டீசலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை.

இப்போது அடிமாலியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூணாறில் வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. அம்மாவின் கிராஜுவிட்டி பின்னால் வந்தது. அது அவள் பெயரில் வங்கியில் இருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில் மேலே ஏறி வேலைக்குப் போய் வருகிறேன். அம்மாவுக்கு இங்கே யாரையும் தெரியாது. அவளுடைய மலையாளம் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும், பேச்சுத் துணைக்குப் போதாது. பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்ப்பாளாம். வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த நாலு சென்ட் இப்போது ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. ரிசார்ட் விருந்தாளிகளைக் கொண்டுபோய் விட ஒரு தடவை அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது. அம்மா நட்ட சௌசௌ வேலி தாண்டி, கேட்டுக்கு மேலே வளைவாகப் படர்ந்து, கைக்கு எட்டும் உயரத்தில் கொத்தாகத் தொங்கியது. அதன்கீழ் நின்று ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்துத் தர முடியுமா என்று என் கையில் போனைக் கொடுத்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

உபயோகிக்காத கார்டை வைத்துக்கொள்ளலாமா, மூடிவிடலாமா என்று இப்போது ரிசார்ட்டில் சின்னப் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். கட்டணம் வாங்குகிற கார்டு என்றால், கையை அடக்க முடியாது என்றால், மூடிவிடுங்கள் என்கிறேன். என்னோடு வேலை பார்த்தவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. செலவில்லாமல் ஓரமாகக் கிடக்கிற பழைய கார்டு என்றால், பயத்தில் மூடாதீர்கள், பெருமைக்காக மூடவே மூடாதீர்கள் என்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

யாரும் என்னை நம்ப வேண்டிய நிலையே எனக்கு வரக் கூடாது என்று இருந்தேன். அதற்கு மானம் என்று பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயரைத் தூக்கிப் பிடித்ததில் அம்மா எதிர்ச் சரிவிலிருந்து தன் லயத்துக் கூரையைப் பார்க்கிற ஒரு வாசலை இழந்தாள். அது இனி திரும்பி வராது.

என் பெயரில் சின்னதாக ஒரு வைப்புத்தொகை போட்டு, அதன்மேல் ஒரு கார்டு வாங்கியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்கிறேன், பில் வந்த அன்றே கட்டுகிறேன், லட்டு வாங்குவதில்லை. அந்த போனில்தான் பெரியம்மா அம்மாவை ராத்திரி கூப்பிடுவார். நான் எடுத்தால், “என்னட்டி டியூக்காரி, கட்டிட்டியா?” என்பார். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு லயத்துக்கு நேரில் போய், வீட்டைக் காலி செய்த அன்று வராத வார்த்தையை, எல்லாம் என் வீம்புதான் என்பதை, பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். போகிற வழியிலேயே ஆனச்சாலுக்குப் பக்கம் பட்டயம் உள்ள மூன்று சென்ட்டைப் பார்த்தோம். அங்கிருந்து லயம் தெரியாது. திங்கட்கிழமை வங்கியில் விண்ணப்பம் கொடுத்தோம். ஜாமீன் இடத்தில் அண்ணனை நானே முதல் நாளே கேட்டுக் கையெழுத்து வாங்கினேன். எங்கள் சமையல்கட்டு ஜன்னலில் முளைவிட்ட சௌசௌ ஒன்று இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் நடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.